செங்கங்காருவின் பைக்குள் நடப்பது

ஆஸ்திரேலியாவின் செங்கங்காரு, கருவுற்ற 33 நாட்களில் குட்டி ஈன்றுவிடுகிறது. அக்குட்டியின் எடை ஒரு கிராம்கூட இராது. கண் திறவாமல், உடலில் ரோமமில்லாமல், பின்னங்கால்கள் வெறும் மொட்டுகளாக இருக்கும் அந்தச் சிற்றுயிருக்கு முன்னங்கால்கள் மட்டும் நகங்களோடு நன்கு முதிர்ந்திருக்கின்றன. தாய் வாலை முன்புறம் நீட்டி அமர்ந்திருக்க, குட்டி அதன் வயிற்று மயிரை மாறிமாறிப் பற்றிச் சில நிமிடங்களில் தானாகவே பைக்குள் ஏறிவிடுகிறது. தாய் நாக்கால் நக்கி வழி அமைத்துக் கொடுக்கிறது என்று முன்பு நம்பினார்கள். அப்படி எந்த உதவியும் குட்டிக்குத் தேவைப்படுவதில்லை. உள்ளே நான்கு காம்புகளில் ஒன்றைக் கவ்வியதும், அதன் நுனி வாய்க்குள் பருத்துக் குட்டியை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஈன்ற ஓரிரு நாட்களில் தாய் மீண்டும் இணைசேர்ந்து கருவுறுகிறது. ஆனால் அந்தப் புதிய கரு 100 உயிரணுக்கள் அளவுக்கு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. பைக்குட்டி பால் குடிக்கும் தூண்டலால் சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், கருவை வளரச் செய்யும் மற்றொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் போதுமான அளவில் சுரக்காதபடி சூலகத்தை அடக்கி வைப்பதே காரணம். பைக்குட்டி வளர்ந்து பால் குடிப்பது குறையும்போதோ, அது இறந்துபோனாலோ, தடை நீங்கி, காத்திருந்த கரு வளரத் தொடங்குகிறது. ஏறக்குறைய 235 நாட்களில் மூத்தது பையை விட்டு நிரந்தரமாக இறங்க, அடுத்த ஓரிரு நாட்களில் இளையது பிறந்து அங்கே ஏறுகிறது.

இனி நடப்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. வெளியே இறங்கிய குட்டியும் ஒரு வயது வரை பைக்குள் தலையை நீட்டித் தன் பழைய, நீண்ட காம்பிலேயே பால் குடிக்கிறது. அதில் வருவது கொழுப்பு மிகுந்த பால். பக்கத்துக் காம்பில் இளங்குட்டிக்குக் கொழுப்பு குறைந்த, நீர்த்த பால் சுரக்கிறது. ஒரே குருதியும் அதே ஹார்மோன்களும் பாயும் இரு சுரப்பிகள் வெவ்வேறு பாலைத் தருவதால், ஒவ்வொரு சுரப்பியும் ஓரளவு தனித்தே கட்டுப்படுத்தப்படுகிறது என்பது தெளிவு. இத்தகைய விலங்கைப் பழமையான, குறைபட்ட பாலூட்டி என்று சொல்வது அறியாமையே.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மழை எந்த ஆண்டு பெய்யும் என்ற நிச்சயமில்லை. வறட்சியில் பால் வற்றிப் பைக்குட்டி இறந்தால், அடுத்த கரு தயாராக இருக்கிறது. வறட்சி மேலும் நீண்டால் தாய் கருத்தரிப்பதையே நிறுத்திவிடுகிறது. நல்ல மழை பெய்து புல் முளைத்ததும், விரைவிலேயே மீண்டும் இணைசேர்கிறது.