மறந்த கடவுச்சொல்லை ஏன் சொல்ல மாட்டார்கள்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். பழையதைச் சொல்லாமல், புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் சொல்லை என்னிடமே சொல்வதில் என்ன தயக்கம்?"

தயக்கமே இல்லை. அது அவர்களுக்கும் தெரியாது. ஒழுங்காக இயங்கும் நிறுவனம் எதுவும் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. அதன் 'ஹாஷ்' மதிப்பைத்தான் வைத்திருக்கிறது.

ஹாஷ் என்பது ஒருவழிக் கணக்கு. எஸ்எச்ஏ-256 என்ற முறை, கொடுத்ததைப் பிட்டுகளாக்கி, அதாவது 0, 1 என்ற இலக்கங்களாக்கி, 64 சுற்று கலைக்கும். ஓர் எழுத்தைக் கொடுத்தாலும் தடித்த அகராதி ஒன்றையே கொடுத்தாலும் விடை 256 பிட்தான். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதது போல, விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. ஆனால் அதே சொல்லுக்கு என்றும் அதே விடை. நீங்கள் உள்நுழையும்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

என்னை ஆண்டுக்கணக்காக வியக்க வைப்பது வேறொன்று. சொல்லில் ஒரேயோர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்: 256 பிட்டுகளில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும். எழுத்தை மாற்றியது முதலிலா கடைசியிலா என்றுகூட விடை காட்டிக்கொடுக்காது. அதனால் திருடனுக்கு 'நெருங்கிவிட்டோம்' என்ற துப்பே கிடைக்காது. பத்தில் ஒன்பது எழுத்து சரியாக இருந்தாலும், முற்றிலும் தவறான சொல்லுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. இவ்வளவு சிறிய கணக்குக்குள் இவ்வளவு மௌனம்!

ஆனாலும் திருடன் ஊகிக்கலாம். 2009இல் சமூக வலைத்தளங்களுக்குச் செயலிகள் செய்த ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் மறைப்பின்றியே கசிந்தன. மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அதன் ஹாஷை ஒருமுறை கணக்கிட்டால், களவுபோன பட்டியலில் அதை வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே நேரத்தில் சிக்குவார்கள். இதற்கு மருந்து உப்பு. ஆம், துறைக்குள்ளும் அதன் பெயர் உப்புதான். ஒவ்வொருவர் சொல்லோடும் தற்செயலான வேறொரு சிட்டிகையைச் சேர்த்து அரைத்தால், ஒரே சொல் இருவருக்கு இரு விடை தரும். யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் இதைச் செய்ததை, அதை உருவாக்கியவர்களில் இருவரான ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்தவை உப்பில்லாத ஹாஷ்கள். 33 ஆண்டுகள் கழித்து! எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு தடுப்பு, ஹாஷை வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடுவது; திருடனின் ஒவ்வோர் ஊகத்துக்கும் நேரம் பிடிக்கும். 1999இல் வந்த பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை அப்படிப்பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதோ வெறும் மூடநம்பிக்கை என்பேன். மக்கள் பழைய சொல்லின் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போவார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. நம் அலுவலகங்கள் பல இன்னும் விடவில்லை.

வாசகரே, பழைய கடவுச்சொல்லை எழுதி அனுப்பும் நிறுவனத்தைக் கண்டுதான் நீங்கள் அஞ்ச வேண்டும். எனக்கு அப்படியொரு மின்னஞ்சல் வந்தது. அன்றே அந்தக் கணக்கை மூடி, அதே சொல் இருந்த மற்ற இரண்டு இடங்களிலும் மாற்றிவிட்டுத்தான் தூங்கினேன்.