சென்சார் என்கிற உணரி

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனை குளமாகிக் கிடந்தது. அதில் காரை இறக்கி ஏற்றிய மறுநாள், டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணைய மறுத்தது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் பெரிய பூசணிக்காயைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு படம். சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு அது. அணையாவிட்டால், மோதும்போது பை விரியும் என்று நம்பி உட்கார முடியாது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிருக்கும் சார்" என்றார்.

அவர் சொன்னது சரியா என்பது அப்புறம். முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம்.

இலத்தீனில் 'சென்டிரே' என்றால் உணர்தல். ஆங்கிலத்தின் சென்ஸ், சென்டிமென்ட், சென்சார் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. கருவிக்குப் பெயராகச் சென்சார் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். தமிழில் எழுதும்போது இதில் ஒரு சங்கடம் உண்டு. படத்தை வெட்டுகிற சென்சாரையும் நாம் இதே எழுத்தில்தான் எழுதுகிறோம். அதன் வேர் வேறு: 'சென்சேரே', அதாவது மதிப்பிடுதல். பழைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, அவர்களுடைய ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரிக்கு அந்தப் பெயர். சென்சஸும் அவர் வீட்டுப் பிள்ளைதான். 'சென்சாரில் சிக்கல்' என்று தலைப்பு போட்டால், சிக்கல் படத்துக்கா காருக்கா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் இதற்கு உணரி. உணர் என்ற வினையோடு இகரம் சேர்ந்தது, அவ்வளவுதான். ஒரு வேலையைச் செய்கிற பொருளுக்கு இப்படிப் பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல: மூடி, மண்வெட்டி, பாக்குவெட்டி, பூச்சிக்கொல்லி. தொட்டாற்சுருங்கியும் இந்த வரிசைதான்; யோசித்தால் அந்தச் செடியே ஓர் உணரி. உணர்வி, உணர்கருவி என்றும் எழுதுகிறார்கள். உணர்கருவி தவறில்லை, கொஞ்சம் நீளம். உணர்வி எனக்கு ஒட்டவில்லை. அதில் 'உணர்வு' துருத்திக்கொண்டு நிற்கிறது. பம்பருக்குப் பின்னால் கிடக்கும் பொருளுக்குச் சோகமும் சந்தோஷமும் எதற்கு?

உணர் என்றாலே மனசு சம்பந்தப்பட்டது, இயந்திரத்துக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களும் உண்டு. பழந்தமிழ் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு மாத்திரை என்பது எவ்வளவு நேரம்? கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். அப்படி அளந்து சொன்னவர்களை அது 'நுண்ணிதின் உணர்ந்தோர்' என்கிறது. நுட்பமாக அளப்பதற்கும் உணர்தல் என்றே பெயர். ஏர்பேக்கின் உணரிக்குக் கிடைப்பதோ அந்த ஒரு மாத்திரைகூட இல்லை. கண் மூடித் திறக்க 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். கடுமையான நேர்மோதலில் பையை விரிப்பதா வேண்டாமா என்ற முடிவு ஏறக்குறைய 15 முதல் 30 மில்லிநொடிக்குள் எடுக்கப்பட்டுவிடும்.

இதை விபத்து உணரி என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மோதல் உணரி என்பதே சரி. விபத்து என்பது நாம் நடந்ததைப் பார்த்துச் சொல்லும் பேச்சு. கருவிக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியின் வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது என்பது மட்டும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலன் பிரீட் 1960களின் கடைசியில் உருவாக்கிய உணரியில் ஒரு குழாய், அதற்குள் ஓர் எஃகுக் குண்டு, குண்டைப் பிடித்துவைக்க ஒரு காந்தம். வண்டி மோதினால் குண்டு காந்தத்தின் பிடியை உதறி ஓடிப்போய் எதிரே உள்ள மின்முனைகளைத் தொடும். இன்று அந்த வேலையைச் சிலிக்கான் சில்லில் செதுக்கிய, சீப்புப் பற்கள் மாதிரியான நுண்ணிய அமைப்பு செய்கிறது. அதிர்ச்சியில் பற்களின் இடைவெளி மாறும், அந்த மாற்றம் மின்குறியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பையை விரிக்கலாமா என்று தீர்மானிப்பது பெட்டி. உணரி உணர்வதோடு சரி. டாஷ்போர்டு விளக்கு நமக்கு உணர்த்துகிறது, ஆக அது உணர்த்தி.

ஏர்பேக்கைக் காற்றுப்பை என்கிறோம். அதில் நிரம்புவது வெளிக்காற்று அல்ல, வேதிப்பொருள் எரிந்து உண்டாகும் வாயு, பெரும்பாலும் நைட்ரஜன். ஆங்கிலப் பெயரிலும் அதே பிழைதான் இருக்கிறது, விட்டுவிடலாம்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். வண்டியின் பழுதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் 'பி' என்று தொடங்கும் ஒரு பழுதுக் குறியீடு வந்தது: முன்பக்க இடது மோதல் உணரியிலிருந்து தகவல் இல்லை. இதை உணரி செத்துவிட்டது என்று படிக்கக் கூடாது. பெட்டிக்கும் உணரிக்கும் இடையே எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. அது வயராக இருக்கலாம், வயரை இணைக்கும் கப்ளராக இருக்கலாம், உணரியேகூட இருக்கலாம். மெக்கானிக் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிக்கப் போனார். சோம்பல் இல்லை, பெட்டிக்குள் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். எத்தனை நிமிடம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். மல்டிமீட்டரையும் அவர் பை இருக்கும் பக்கம் கொண்டுபோகவே இல்லை. அதன் சின்ன மின்னோட்டமே பையை வெடிக்க வைத்துவிடலாம்.

பம்பரை இறக்கியதும், ரேடியேட்டர் சட்டத்தின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு தெரிந்தது. மஞ்சள் கப்ளரைப் பிரித்தார். ரப்பர் சீல் கிழிந்து, உள்ளிருக்கும் உலோகப் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, புளி போட்டுத் தேய்க்காத செப்புக்குடம் மாதிரி. பின்னைச் சுத்தம் செய்து, புதுக் கப்ளர் போட்டு, உணரியின் மேலிருந்த அம்புக்குறி வண்டியின் முன்பக்கம் பார்க்கும்படி பழைய இடத்திலேயே முறுக்கினார். அம்பு திரும்பிவிட்டால் உணரி உணரும் திசையும் திரும்பிவிடும். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து, சாவியைத் திருப்பினார். பூசணிக்காய்க்காரர் சில நொடி எரிந்து அணைந்தார்.

உணரி ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பில்லில் மட்டும் 'சென்சார் ரிப்பேர்' என்று எழுதியிருந்தார்.