நாட்டுச்சர்க்கரை போட்டால் சாக்லேட் கேக் லேசாகிவிடுமா?

கோவையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். வயது 54. சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். மாத்திரையைத் தவறவிடுவதில்லை, காலையில் நடக்கிறார், சோறும் அளவுதான். ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத ஆவரேஜ் (HbA1c) 7.1-லிருந்து 8.2-க்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு வேளையாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது, சாயங்காலம் காபியோடு ஒரு துண்டு சாக்லேட் கேக் என்றார்.

மகள் முந்திக்கொண்டு, “வீட்டுல நானே செஞ்சதுங்க மேடம். மைதா இல்ல, சர்க்கரையும் இல்லீங்க. நாட்டுச்சர்க்கரையும் பேரீச்சம்பழமும்தான்” என்றார்.

அந்தப் பெண்ணின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் ஆசைக்காகக் கடைப் பக்கம் போகாமல் தானே மெனக்கெட்டிருக்கிறார். நான் அளவுகளைக் கேட்டுத் தாளில் எழுதினேன். கோதுமை மாவு 150 கிராம், நாட்டுச்சர்க்கரை 200, வெண்ணெய் 100, டார்க் காம்பவுண்ட் (சாக்லேட் மாதிரிக் கட்டி) 100, பேரீச்சம்பழம் 100. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 2,800 கலோரி. எட்டுத் துண்டு போட்டிருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு 350, அதாவது ஐந்து இட்லிக்குச் சமம். பேரீச்சம்பழத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் ஒரு துண்டில் 30 கிராம் இனிப்பு இருக்கிறது. வெளியிலிருந்து சேர்க்கும் இனிப்பு ஒரு நாள் முழுவதற்குமே சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாட்டுச்சர்க்கரையும் கரும்புச் சாறுதான். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதேதான். கொஞ்சம் இரும்பும் தாது உப்புகளும் இருக்கின்றன, உண்மை. ஆனால் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரி என்றால் இதில் சுமார் 380. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தேன், பனங்கற்கண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போடுவது நல்ல மாற்றம், நார்ச்சத்து கூடும். கலோரி குறையாது. பொருளின் பெயரை மாற்றினோம், அளவை மாற்றவில்லை. அதைவிட முக்கியமாக, ‘இது நல்லது’ என்ற நம்பிக்கையில் வாரத்துக்கு ஒன்றாக இருந்தது தினமும் ஒன்றாகிவிட்டது. அந்த 8.2-க்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் எதைக் குறைப்பது? முதலில் கொழுப்பை. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. சாக்லேட்டின் மணமும் கசப்பும் முக்கியமாகக் கோகோவிலிருந்து வருகின்றன. நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறதே, அதே கோகோதான். அந்தக் கொட்டையை அரைத்து, கோகோ வெண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சுவதைப் பொடித்தால் கோகோ பவுடர். ஆக, சாக்லேட் கட்டிக்குப் பதில் கோகோ பவுடரில் செய்தாலே கொழுப்பு நன்றாக இறங்கிவிடும், ருசியும் போகாது.

வாங்கும்போது கவனம் வேண்டும். ‘டிரிங்க்கிங் சாக்லேட்’ என்று விற்பது கோகோ பவுடர் அல்ல, அதில் பெரும்பங்கு சர்க்கரை. பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் இருக்கும். நமக்கு வேண்டியது இனிப்பு எதுவும் சேர்க்காத கோகோ. காம்பவுண்ட் கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், சர்க்கரையும் தாராளமாக இருக்கும். ‘டார்க்’ என்று போட்டிருப்பதை வைத்து ஏமாற வேண்டாம்.

நான் வீட்டில் செய்வது இது. எட்டு அங்குலச் சதுர டின். கோதுமை மாவு 120 கிராம், கோகோ பவுடர் 40, சர்க்கரை 100, எண்ணெய் 30, கெட்டித் தயிர் 80, முட்டை இரண்டு, வேகவைத்து நன்றாக மசித்த மஞ்சள் பூசணி 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சூடான டிகாக்‌ஷன். எடை மெஷின் அவசியம். கப் கணக்கில் மாவை அமுக்கி அள்ளினால் ஒரு மாதிரி, தளர்வாக அள்ளினால் ஒரு மாதிரி வரும்.

முதலில் கோகோவைச் சூடான டிகாக்‌ஷனிலும் எண்ணெயிலும் குழைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். சூடு பட்டால்தான் கோகோவின் மணம் எழும். காபியின் கசப்பு சாக்லேட் ருசியை அழுத்தமாக்கும், உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை குறைவாக இருப்பது நாக்குக்குச் சட்டென்று தெரியாது. அப்புறம் முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, கோகோ, தயிர், பூசணி, சலித்த மாவு எல்லாம் சேர்த்து, மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலே அடிக்க அடிக்கக் கேக் ரப்பர் மாதிரி ஆகும்.

ஓவனை முன்கூட்டியே 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கிக்கொண்டு, 20 நிமிடம் ஆனதும் பார்க்கத் தொடங்குங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். கொழுப்பு குறைந்த கேக்குக்கு மன்னிக்கும் குணம் கிடையாது, ஐந்து நிமிடம் கூடினால் வறண்டுவிடும். பல்குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருக்காமல், நாலைந்து ஈரத் துகள் ஒட்டி வரும்போதே எடுத்துவிடுங்கள். பூசணியின் வாசனை மறுநாள் சுத்தமாகத் தெரியாது.

சர்க்கரையை 100 கிராமுக்கும் கீழே கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். இந்த அளவில் வேண்டாம் என்பேன். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்துவைப்பதும் முட்டை நுரையைத் தாங்குவதும் அதுதான். வேறு செய்முறை எதைப் பின்பற்றினாலும் அதில் சொன்ன சர்க்கரையில் கால் பங்கைத் தயங்காமல் குறைக்கலாம். சுகர்ஃப்ரீ மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் பயன் தராது. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு உள்ளதென்றால் சூட்டில் இனிப்பு போய்விடும். ‘சுகர்ஃப்ரீ’ சாக்லேட்டுகள் பலவற்றில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கிறது. அதற்கும் கலோரி உண்டு, ரத்தச் சர்க்கரையும் ஓரளவு ஏறும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும்.

என் கணக்கில் மொத்தம் சுமார் 1,400 கலோரி. டின்னில் நாலுக்கு நாலு கோடு போட்டால் 16 துண்டு, ஒன்றுக்கு 90-க்குள், சர்க்கரை ஆறு கிராம் சொச்சம். இதையும் சர்க்கரை நோயாளிகள் தினமும் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அதுவும் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. கேக் மாதிரிக் கொழுப்பும் சேர்ந்த இனிப்புக்குச் சர்க்கரை தாமதமாக ஏறலாம். இரண்டு மணி நேரத்தில் மெஷின் நல்ல எண் காட்டியதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இதே காரணத்தால்தான் லோ சுகர் வரும்போது (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது) சாக்லேட்டை நம்ப வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த நேரத்துக்கு குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரைத் தண்ணீரோதான் கைகொடுக்கும்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் கோகோ, பேரீச்சம்பழம், வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை சேர்த்த ‘ஆரோக்கிய’ கேக்குகளைத் தயவுசெய்து அவர்களிடம் நீட்டாதீர்கள். இவை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. சேர்ந்து போகும்போது ஆபத்தாகலாம். பூசணியும் அதே வகைதான் என்பதால் என் செய்முறையும் அவர்களுக்கு இல்லை. டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

அந்த மகளிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். தயிரும் பூசணியும் இருப்பதால் வெளியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், நன்றாக ஆறியதும் துண்டு போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், காபி போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்றே ஒன்றை எடுத்து வெளியே வையுங்கள் என்றேன். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “பதினாறுன்னா ரொம்பச் சின்னத் துண்டா இருக்குமேங்க மேடம்?” இரண்டு அங்குலச் சதுரம் எவ்வளவு என்று தாளில் வரைந்து காட்டினேன். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.