ஊசி போடும் வரை தெரியாத மரபணு

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் வந்து வரிசையாகக் கேள்வி கேட்பார். ஆஸ்துமா உண்டா, பல் ஏதும் ஆடுகிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்... நடுவில் ஒன்று வரும்: "சொந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து ஏதாவது பிரச்சினை ஆயிற்றா?" யோசிக்காமலே இல்லை என்று தலையாட்டிவிடுவோம். அந்தக் கேள்வி இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் மூன்றாம் குரோமோசோமில் உள்ள பி.சி.எச்.இ. என்ற மரபணு. அது உருவாக்கும் புரதம் பியூட்ரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். டாக்டர்கள் இதை சூடோகோலினெஸ்டரேஸ் என்பார்கள், அதாவது 'போலி'. கொஞ்சம் அநியாயமான பெயர்தான்.

மூச்சுக்குழாய்க்குள் அவசரமாகக் குழாய் போட வேண்டுமென்றால் தசைகள் உடனே தளர வேண்டும். அதற்கு சக்சினைல்கோலின் என்ற ஊசி, தியேட்டரில் சுருக்கமாக 'ஸ்கோலின்'. போட்ட ஒரு நிமிடத்துக்குள் இமை படபடக்கும், தோளிலும் நெஞ்சிலும் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் தசைகள் துடிக்கும், அப்புறம் எல்லாம் அடங்கிவிடும், மூச்சுவிடும் தசையும் சேர்த்து.

ஏன் அடங்குகிறது? நரம்பு, தசைக்குச் சேதி சொல்வது அசிட்டைல்கோலின் வழியாக. சேதி போய்ச் சேர்ந்த கையோடு அதை வெட்டிப்போட அங்கேயே ஒரு நொதி காத்திருக்கிறது, அதனால்தான் தசை அடுத்த சேதிக்குத் தயாராகிறது. சக்சினைல்கோலின் என்பது இரண்டு அசிட்டைல்கோலினை ஒட்டவைத்த மூலக்கூறு. தசையில் சேதி வாங்கும் இடமான ஏற்பியில் கச்சிதமாக உட்காரும், ஆனால் அங்கிருக்கும் நொதியால் அதை வெட்ட முடியாது. வெட்டுவது நம்ம 'போலி'. ஊசியில் ஏறியதில் பெரும்பகுதியைத் தசைக்குப் போகும் வழியிலேயே ரத்தத்தில் வெட்டிவிடும், மிச்சம் போய்ச் சேர்ந்ததும் ரத்தத்தில் அளவு குறையக் குறையத் திரும்பிவந்து வெட்டுப்படும். பத்து நிமிடத்துக்குள் நோயாளி தானாக மூச்சுவிட ஆரம்பித்துவிடுவார்.

நொதி சரியில்லாதவருக்கு இது மணிக்கணக்கில் இழுக்கும். மாற்று மருந்து தேடி ஓட வேண்டியதில்லை, வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் போதும். ஆனால் மயக்கத்தை விட்டுவிடக் கூடாது. நினைவு திரும்பி, விரல்கூட அசைக்க முடியாமல் கிடப்பதை நினைத்தாலே குலை நடுங்குகிறது.

இத்தனைக்கும் பிழை மிகச் சிறியது. நன்கு தெரிந்த ஒரு வகையில், நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 70ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலம் போய் கிளைசின் வந்திருக்கும். முதலாவதுக்கு எதிர்மின்சுமை உண்டு, நேர்மின்சுமை கொண்ட மருந்தை இழுத்துப் பிடிப்பதே அதுதான். பிடி போனால் வெட்டு எங்கே? 1957இல் கேலோ, ஜெனெஸ்ட் என்ற இருவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை கொண்டுவந்தார்கள்: டைபுகெயின் என்ற மருந்து நல்ல நொதியைச் சுமார் 80 சதவீதம் முடக்கும், இந்தப் பழுதான நொதியைச் சுமார் 20 சதவீதம்தான்.

நம் பக்கத்துக் கதை வேறு. ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களிடம் காணப்படுவது 307ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததில், முன்னோர் சிலரிடமிருந்த மாற்றம் பரவிவிட்டது. மரபணுவின் இரண்டு பிரதியும் அப்படி அமைந்தவர்களுக்கு நொதியின் வேலை ஏறக்குறைய பூஜ்யம். ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி, வியாபாரம் பார்த்து, ஒரு குறையுமில்லாமல் வாழ்கிறார்கள்!

அப்படியானால் இந்தப் புரதம் எதற்கு? ஒரு பயன் தெரியும்: சில பூச்சிமருந்துகளின் நஞ்சை இது தன் மேலேயே வாங்கிக்கொண்டு முடங்கிப்போகும், அந்த அளவுக்கு நரம்புப் பக்கத்து நொதி தப்பிக்கும். பூச்சிமருந்து குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் கோலினெஸ்டரேஸ் அளவு பார்ப்பது இதனால்தான்.

குறைபாடு வெளிப்பட, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். ஆகவே அண்ணனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் இது தெரியவந்தால் தம்பி தங்கைகளுக்கும் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டை பீரோவில் பூட்டிவைக்காமல் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஸ்கோலினுக்குப் பதிலாகப் போட வேறு மருந்து இருக்கிறது.