ஆன்ட்டிவைரஸ் அப்டேட்டில் என்னதான் வருகிறது?

விண்டோஸ் கணினித் திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு கேடயம் இருக்கும். அதில் பச்சை டிக் தெரிந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம். அந்த டிக்குக்குப் பொருள், பாதுகாப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது, அவசரமாகக் கவனிக்க எதுவும் இல்லை என்பது மட்டும்தான். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கேடயத்தைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ பக்கத்தில் கீழே இறங்கினால், ‘லாஸ்ட் அப்டேட்’ என்ற வரியில் தேதியும் நேரமும் இருக்கும். தினமும் நெட்டில் இருக்கும் கணினி என்றால் அது இன்றைய தேதியாகவோ நேற்றைய தேதியாகவோ இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் பழையது என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

தனியாக எதுவும் வாங்காத வீடுகளில் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்தான் காவல் காக்கிறது. அதை வைத்தே இங்கே விளக்குகிறேன். சென்னையின் கே7, புணேயின் க்விக் ஹீல் போன்றவற்றிலும் மெனுக்களின் பெயர்தான் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

அப்டேட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிப் பொருட்கள். முதலாவது, எதையெல்லாம் பிடிக்க வேண்டும் என்ற அடையாளத் தொகுப்பு. டெஃபினிஷன் என்பார்கள், மைக்ரோசாஃப்ட் இப்போது அதை ‘செக்யூரிட்டி இன்டெலிஜன்ஸ்’ என்கிறது. இது ஒரு நாளில் பல முறை புதிதாக வெளியாகிறது. இரண்டாவது, அந்தத் தொகுப்பைப் படித்து ஃபைல்களைச் சோதிக்கும் எஞ்சின். மூன்றாவது, இவற்றைச் சுமந்து விண்டோஸோடு பொருத்தி வைக்கும் பிளாட்ஃபார்ம். பின்னவை இரண்டும் பொதுவாக மாதம் ஒருமுறை வரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘செட்டிங்ஸ்’, பிறகு ‘அபவுட்’ என்று போனால் மூன்றின் பதிப்பு எண்களும் தனித்தனியே தெரியும். டெஃபினிஷன் இன்றையது, பிளாட்ஃபார்ம் ஒரு வருடப் பழையது என்ற நிலை வீட்டுக் கணினிகளில் இருக்கக்கூடும். அதை அந்தப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் ஒரு நாளைக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இவ்வளவையும் யாரும் புதிதாக உட்கார்ந்து எழுதுவதில்லை. இருக்கிற நிரலையே வேறு உறையில் சுருட்டி, நடுவில் பொருளற்ற பைட்டுகளைச் செருகி, தானியங்கிகள் புதிது புதிதாகத் தயாரித்துத் தள்ளுகின்றன. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண் உண்டு, அதுதான் ஹாஷ். ஃபைலில் ஒரேயொரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே ஹாஷ்களை மட்டும் பட்டியலிட்டு இந்த ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது.

அதனால் டெஃபினிஷனுக்குள் பலவகைச் சரக்கு இருக்கிறது. ஹாஷ்கள் உண்டு. ஒரு வைரஸ் குடும்பத்தில் மாறாமல் தொடரும் பைட் வரிசைகள் உண்டு. குறிப்பிட்ட உறைகளைப் பிரித்து உள்ளே பார்க்கும் சிறு நிரல்கள் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானவை நடத்தை விதிகள். சந்தேகத்துக்குரிய ஃபைலை எஞ்சின் தனக்குள் இருக்கும் போலிக் கணினி ஒன்றில் கொஞ்ச நேரம் ஓட விடுகிறது. அந்த ஃபைல் தன்னை உண்மையான விண்டோஸில் இருப்பதாக நினைத்து உறையைக் கழற்றும். நினைவகத்தில் அசல் உருவம் வெளிப்பட்டதும், விதிகள் அதோடு ஒப்பிடப்படும். ஆயிரம் உறை மாற்றினாலும் உள்ளே இருக்கும் ஆள் ஒன்றுதான் என்பதால் ஒரு நல்ல விதி ஆயிரம் ஃபைல்களைப் பிடித்துவிடும். வைரஸ் எழுதுபவர்களும் இதை அறிவார்கள். போலிக் கணினியை மோப்பம் பிடித்துச் சும்மா படுத்துக்கொள்ளும் தந்திரங்களைச் சேர்க்கிறார்கள். அந்தத் தந்திரத்தை முறியடிக்க எஞ்சினே மாற வேண்டும். மாதாந்தர எஞ்சின் அப்டேட்டின் வேலைகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு காரணம் இதைவிடக் கடுமையானது: எஞ்சினும் ஒரு நிரல், அதிலும் ஓட்டை இருக்கும். 2017 மே மாதம் மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டியும் நடாலி சில்வானோவிச்சும் டிஃபெண்டரின் எஞ்சினில் ஒரு பிழையைக் கண்டார்கள். திட்டமிட்டுச் செய்த ஃபைல் ஒன்றை அது ஸ்கேன் செய்தாலே போதும், கணினி எதிராளியின் கைக்குப் போய்விடும். மெயிலைத் திறக்கக்கூட வேண்டாம், வந்து சேர்ந்ததுமே ஸ்கேன் நடக்கும் அல்லவா. மே 8 அன்று 1.1.13704.0 என்ற எஞ்சின் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. தானியங்கி அப்டேட் ஓடிய கணினிகளுக்கு மருந்து தானாகவே போய்ச் சேர்ந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களின் கணினியிலோ காவலாளியே திறந்த கதவாக இருந்தது.

டெஃபினிஷனின் முழுத் தொகுப்பு 100 எம்பிக்கு மேல் போகும். அதை நாளுக்குப் பலமுறை எல்லோருக்கும் அனுப்புவது நடக்காத காரியம். ஆகவே ஓர் அடிப்படைத் தொகுப்பு, அதன் மேல் ‘டெல்டா’ என்னும் வித்தியாசத் தொகுப்பு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வழக்கமான நாளில் வருவது டெல்டா மட்டும். நீண்ட நாள் அணைத்து வைத்த கணினியை ஆன் செய்ததும் நெட் மந்தமாவதற்கும் இதுதான் காரணம்: பழைய அடிப்படையின் மேல் புதிய டெல்டா உட்காராது, முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தவர்கள் முதல் அரை மணி நேரம் பென் டிரைவ் எதையும் செருகாமல், ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பொத்தானை அழுத்தி அது முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது.

டெஃபினிஷனில் இன்னும் ஏறாத புத்தம் புதிய ஃபைல்களுக்குக் கிளவுட் வழி இருக்கிறது. அறிமுகமில்லாத ஃபைல் வந்தால் டிஃபெண்டர் மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்கும்; பதில் வரும்வரை அந்த ஃபைலை வழக்கமாக 10 விநாடி பிடித்து வைக்கவும் அதனால் முடியும். இதற்கு ‘கிளவுட்-டெலிவர்டு ப்ரொடெக்‌ஷன்’, ‘ஆட்டோமேட்டிக் சாம்பிள் சப்மிஷன்’ இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். நெட் இல்லாத கணினிக்கு இந்தக் கைத்தடி கிடையாது. ஜெராக்ஸ் கடைக்கும் வீட்டுக்கும் பென் டிரைவ் போய் வரும் இடங்களில், நெட் இல்லாததால் பாதுகாப்பு என்று நினைப்பது தலைகீழான கணக்கு.

இனி, அப்டேட் ஏன் நிற்கிறது?

பழைய டெஸ்க்டாப்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கடிகாரத்தை. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். சுவிட்ச்போர்டில் அணைத்துவிட்டாலும் தேதி ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். சில வருடங்களில் இது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான இணைப்புகள் எல்லாம், சர்வர் தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழின் செல்லுபடிக் காலத்தைப் பார்த்தே திறக்கும். கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே சர்வரை நம்ப மறுக்கும். அப்டேட் தோற்கும், பல வெப்சைட்டுகளும் எச்சரிக்கை காட்டும். மல்ட்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரியை மாற்றிவிடலாம். கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ஓரத்துக் கிளிப்பைத் தள்ளினால் பேட்டரி எழும்பும். புதியதை பிளஸ் குறி மேலே தெரிய வையுங்கள். டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால், அதைத் திறக்கும் ரெகவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றிய பின் விண்டோஸ் அதைக் கேட்க வாய்ப்புண்டு. பிறகு ‘டேட் அண்ட் டைம்’ பகுதியில் ‘சிங்க் நவ்’. நேர மண்டலப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா வரி ஒன்றும், ஸ்ரீ ஜயவர்தனபுர வரி ஒன்றும் தனித்தனியாக இருக்கும். இரண்டுமே உலகப் பொது நேரத்திலிருந்து (யுடிசி) ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கணினிகளில் வேறு காரணம். டேட்டா மிச்சமாகட்டும் என்று இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறி இருந்தால் தானியங்கி அப்டேட்டுகள் ஒதுங்கிக்கொள்ளும். வாரத்தில் சில நாளாவது அதை எடுத்துவிட்டு அப்டேட் முடிந்ததும் திரும்பப் போடலாம். விண்டோஸ் அப்டேட்டையே முடக்கும் சிறு நிரல்களைச் சிலர் போட்டு வைத்திருக்கிறார்கள். டிஃபெண்டரின் வழக்கமான பாதையும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தானியங்கி அப்டேட் திரும்ப ஓட அந்த நிரலை நீக்குவதே சரியான வழி.

பிழை எண் காட்டினால் அதன் கடைசி எட்டு இலக்கங்களைப் பாருங்கள். 80070070 என்றால் சி டிரைவில் இடமில்லை. சில ஜிபி காலி செய்தால் தீரும். 80070643 என்றால் இறங்கியது, ஆனால் நிறுவ முடியவில்லை. இது கொஞ்சம் வம்பானது. பழைய ஆன்ட்டிவைரஸ் ஒன்றின் மிச்சம் கணினியில் கிடக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்போடு வந்த இலவச ட்ரையல் முடிந்தபின் பலர் ஐகானை மட்டும் அழித்துவிடுவார்கள், அதன் டிரைவர்கள் உள்ளே அப்படியே இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை முழுதாகத் துடைக்கத் தனி ரிமூவல் டூல் தருகின்றன. அதை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் ஆன் ஆகிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது தவறு. இரண்டும் ஒரே ஃபைலைத் திறக்கும் இடத்தில் மோதிக்கொள்ளும், கணினி திணறும்.

அதற்கும் மசியாவிட்டால் முழுத் தொகுப்பைக் கையால் போடலாம். மைக்ரோசாஃப்டின் செக்யூரிட்டி இன்டெலிஜன்ஸ் பக்கத்தில் 32-பிட், 64-பிட், ஆர்ம் என்று தனித்தனி ஃபைல்கள் கிடைக்கும். உங்களுடையது எது என்று ‘செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்’ சொல்லும். ஃபைலை ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ தாவலில் மைக்ரோசாஃப்ட் பெயர் இருக்கிறதா என்று பார்த்தபின் ஓட்டுங்கள். எந்த விண்டோவும் திறக்காது, முடிந்தது என்றும் சொல்லாது. சில நிமிடம் கழித்துப் பதிப்பு எண் ஏறியிருந்தால் வேலை முடிந்தது. இதில் அடிப்படை, டெல்டா, எஞ்சின் மூன்றும் சேர்ந்தே வருவதால், கெட்டுப்போன டெல்டாவின் தொல்லையும் போய்விடும். நெட் இல்லாத கணினிக்கும் இதே ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். பிளாட்ஃபார்ம் மட்டும் இதில் அடங்காது, அதற்குத் தனி ஃபைல்.

அந்த டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2024 ஏப்ரலில் அவாஸ்ட் என்னும் ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய ஆன்ட்டிவைரஸான இஸ்கேனின் அப்டேட்டுகள் என்கிரிப்ஷன் இல்லாத இணைப்பில் போய்க்கொண்டிருந்தன. நடுவழியில் புகுந்தவர்கள் அந்தப் பொதியை மாற்றி, கப்டிமைனர் என்னும் தீய நிரலை அதன் வழியாகவே அனுப்பினார்கள். 2023 ஜூலை இறுதியில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் தெரிவித்தது.

நல்ல நிறுவனத்தின் அப்டேட்டும் சில சமயம் தவறும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் 5958 எண் டெஃபினிஷன், விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசிய சிஸ்டம் ஃபைல் ஒன்றை வைரஸ் என்று தூக்கிவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. இதைக் காட்டி அப்டேட்டை அணைத்து வைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தவறு அபூர்வம், வந்தால் எல்லோருக்கும் தெரியும், மருந்தும் வரும். பழைய டெஃபினிஷனால் நேரும் இழப்பு சத்தமில்லாமல் நடக்கும்.

பிரவுசரின் மூலையில் எழும்பி ‘உங்கள் ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும்’ என்று மிரட்டுபவை அப்டேட் அல்ல. ஏதோ ஒரு தளத்துக்கு ‘அலோ’ கொடுத்ததால் வரும் நோட்டிஃபிகேஷன்கள் அவை. க்ரோமில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய்த் தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸுக்குச் சந்தா கிடையாது. அதற்குப் பணம் கேட்டு வரும் போன் மோசடி. இந்தியாவில் பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிஃபெண்டருக்கான டெஃபினிஷன்களை மட்டும் 2028 அக்டோபர் வரையாவது தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே கேடயத்தில் பச்சை டிக்கும் இன்றைய தேதியும் தொடர்ந்து தெரியும், விண்டோஸின் ஓட்டைகளோ அடைபடாமல் இருக்கும். 2017 மே 12 அன்று பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை நுழைந்தது அப்படியொரு ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டிருந்தது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத கணினியென்றால், ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் இணைப்பு காட்டுகிறதா என்று பாருங்கள். வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் தருவதாக அறிவிக்கப்பட்டது.