மத்தளம் முல்லைத்தீவில், பாட்டு பாரிசில்: தாளம் ஏன் பிந்துகிறது?

கூத்து ஆடும் வட்டக்களரியில், மத்தளம் அடித்து ஆட்டத்தை நடத்தும் அண்ணாவியாரிடமிருந்து 10 மீற்றர் தள்ளி நின்று ஆடுபவரின் காதுக்கு மத்தள அடி வந்துசேர ஏறக்குறைய 30 மில்லி விநாடி எடுக்கும். காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீற்றர்தான் ஓடும். சேர்ந்து பாடுபவர்களால் பொறுக்கக்கூடிய பிந்தலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேலே போனால் இவர் அவருடைய அடிக்குக் காத்திருப்பார், அவர் இவருக்குக் காத்திருப்பார். தாளம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, நாலு வரி முடிவதற்குள், தாளக்கட்டோடு பாடும் தரு, தாளமில்லாமல் நீட்டிப் பாடும் விருத்தம்போல ஆகிவிடும்.

2020 மார்ச் 20 அன்று கொரோனாவால் இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆட்கள் கூடாமல் கூத்துப் பழக முடியாது. வீடியோ அழைப்பில் பழகினால் என்ன என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது ஏன் சரிவராது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகும். இலங்கையிலிருந்து பிரான்சுக்குக் கடலடி வடம் சுற்றிப்போகும் தூரம் 10,000 கிலோமீற்றரைத் தாண்டும். ஆக, வேறு எந்தத் தடங்கலும் இல்லாமலே ஒரு பக்கத்துக்கு 50 மில்லி விநாடி போய்விடுகிறது.

பாரிசை விடுங்கள், முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு இடையிலும் இதே கதைதான். போன் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துச் சுருக்க வேண்டும். டவரில் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். முன்பின்னாக வரும் துண்டுகளை மறுமுனை சற்றுத் தேக்கிவைத்தே ஒலிக்கவிடும். எல்லாம் சேர்ந்து 100 மில்லி விநாடியைச் சுலபமாகத் தாண்டும். புளூடூத் இயர்போன் போட்டால் இன்னுமொரு 100 கூடும்.

எனவே நேரடியாகச் சேர்ந்து பாடுவதை மறந்துவிட்டு, அடுக்கடுக்காகப் பதிவதுதான் வழி. முதலில் அண்ணாவியார் பாட்டில்லாமல் நான்கு வெற்றடி கொடுத்துவிட்டு, மத்தளத்தோடு முழுத் தருவையும் மெல்லப் பாடிப் பதிவார். பாடகர் அதை ஒரு போனில், வயர் உள்ள இயர்போனில் கேட்டுக்கொண்டே, இன்னொரு போனில் தன் பாட்டைப் பதிவார். அந்த நான்கு அடிக்கும் கைதட்டி விட்டுத்தான் அவர் தொடங்க வேண்டும். தொகுப்பவர் கைதட்டையும் மத்தள அடியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இரண்டு பதிவும் பொருந்தும். இங்கே பலரும் சறுக்குவது நீளத்தில். இரண்டு போன்களின் உள்கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. லட்சத்தில் 5 பங்கு வேறுபட்டாலே 10 நிமிடத்தில் 30 மில்லி விநாடி விலகிவிடும். முழுக் காட்சியையும் ஒரே மூச்சில் பதியாமல் ஒவ்வொரு தருவாகப் பதிவது அதனால்தான்.

இதில் இழப்பும் உண்டு. களரியில் அண்ணாவியார் ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அடியை முறுக்குவார், தளர்த்துவார். அடுக்குப் பதிவில் மத்தளம் முன்கூட்டியே முடிந்துவிட்டது. ஆட்டக்காரர்தான் அதற்குப் பின்னால் ஓட வேண்டும். கேட்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அதைக் கூத்து என்பதை விடக் கூத்துப்பாட்டு என்பதே சரி.

பதிந்ததை வட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்புவது அடுத்த பிழை. குரல்செய்திக்கான சுருக்கமுறை மனிதப் பேச்சுக்கென்று அளந்து வைத்தது. நிமிடத்துக்கு நூறு கிலோபைட் சொச்சத்துக்குள் அடக்க, உயர்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும். கைத்தாளத்தின் கிணுகிணுப்பும் மத்தளத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், தரும் கூர்மையும் அங்கேதான் இருக்கின்றன. கோப்பாக, 'டாக்குமென்ட்' வழியில் இணைத்து அனுப்பினால் பதிந்தது பதிந்தபடி போகும். நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் அளவு டேட்டா செலவாகும், அவ்வளவுதான். அழைப்புச் செயலிகளில் இன்னொரு வில்லங்கம்: மாறாமல் இழையும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். ஆர்மோனியச் சுருதி மெல்ல மெல்ல மறைவது அதனால்தான். இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிட்டே பாட வேண்டும்.

2022 இல் வந்த பொருளாதார நெருக்கடி வேறு மாதிரி. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் நின்றால் வீட்டு ரவுட்டரும் நிற்கும். ஊரே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டவரோ பற்றரியிலோ ஜெனரேற்றரிலோ ஓடும், அதற்கும் டீசல் வேண்டும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். அதிலும் போன் அனுப்பும் திசை மிகவும் நோஞ்சான்: டவர் பல பத்து வாற்றில் பேசும், போன் 0.2 வாற்றுக்கு மேல் கத்தாது. 720p என்ற தெளிவான படத்தோடு நேரலை செய்ய விநாடிக்கு 3 மெகாபிட் அளவு இடைவிடாமல் மேலே ஏற வேண்டும். நெரிசலில் அது கிடைக்காது. படத்தை 480p க்கு இறக்கி, மிச்சத்தை ஒலிக்கு விட வேண்டும். முகம் மங்கினாலும் பாட்டு அறுந்தால் கேட்பவர் நிற்க மாட்டார். பதிந்துவைத்து நள்ளிரவுக்குப் பின் ஏற்றுவது இன்னும் நல்லது. விடிய விடியக் கண்விழிப்பது கூத்துக்காரருக்குப் புதிதில்லைதானே.

குரல்செய்தியைக் கெடுப்பதுபோன்ற சுருக்கல்தான், இடர் நேரத்தில் உதவி கேட்டு வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களையும் கெடுக்கிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததுபோன்ற நேரங்களில் உலர் உணவு, படகு, மருந்து என்று எழுதிய படங்கள் கைமாறும். கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு நன்றாகத் தெரியும், நிற வேறுபாடு குறைவாகவே தெரியும். அதனால் படச்சுருக்கம் பெரும்பாலும் நிறத் தகவலில் நாலில் ஒரு பங்கைத்தான் வைத்திருக்கும். நீலத்தின்மேல் எழுதிய சிவப்பு எழுத்து முதலில் கலங்குவதும், வெள்ளையில் கறுப்பு கடைசிவரை நிற்பதும் இதனால்தான். எடுத்த நாளும் இடமும் படக்கோப்பின் உள்ளே மறைகுறிப்பாக இருக்கும். சாதாரணமாக அனுப்பும்போது அதை வட்ஸ்அப் கழற்றிவிடும். 2020 ஏப்ரலில் இருந்து, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அது பரவலை மெதுவாக்கும். பழைய படம் அடுத்த மாரிக்கு மறுபடி வருவதைத் தடுக்காது. திகதி, ஊர், எந்த நாள்வரை உதவி தேவை என்ற மூன்றையும் படத்துக்குள்ளேயே கறுப்பில், பெரிதாக எழுதிவிட வேண்டும்.