நான்காவது சக்கரத்தை எங்கே கழற்றுவது?

மெசர்ஷ்மிட் கேஆர்200 என்ற ஜெர்மன் குட்டிக் காரை ஒருகாலத்தில் வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மைலேஜும் வேகமும் அப்புறம்தான் வரும். முதலில் வருவது ரிவர்ஸ் கதை. அந்தக் காரில் முன்னால் போக நான்கு கியர், பின்னால் போகவும் அதே நான்கு கியர். துணிச்சல் இருந்தால் முன்னால் ஓடுகிற வேகத்திலேயே பின்னாலும் ஓட்டலாம்.

1955 முதல் 1964 வரை வந்த வண்டி அது. ஒற்றைச் சிலிண்டர், 191 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், சுமார் 10 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 230 கிலோ. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். தலைக்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூண்டு, அதைப் பக்கவாட்டில் திறந்துதான் உள்ளே இறங்க வேண்டும். போர் விமானம் செய்த நிறுவனத்துக்குப் போருக்குப் பிறகு விமானம் செய்யத் தடை வந்தது. அதனால் கார் பக்கம் திரும்பினார்கள். மிச்சமிருந்த விமானக் கூண்டுகளை மாட்டித்தான் இதைச் செய்தார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உண்மை இல்லை. போரில் காயம்பட்டு நடக்க முடியாமல் போனவர்களுக்காக ஃப்ரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியாளர் செய்த சிறு ஊர்திதான் இதன் மூதாதை.

சரி, ஏன் மூன்று சக்கரம்? விலை குறையும் என்பது உடனே தோன்றும் பதில். ஆனால் குறைவது ஒரு டயரின் விலை மட்டும் அல்ல. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கி, அதை இன்ஜின் சுழற்றினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இதற்காகத்தான் பெரும்பாலான கார்களில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டு இருக்கிறது. கனமானது, செய்யச் செலவு பிடிப்பது. பின்னால் ஒரே சக்கரம் என்றால் இந்தச் சிக்கலே எழாது. இன்ஜினிலிருந்து ஒரு செயின் போட்டால் முடிந்தது. பிஎம்டபிள்யூ ஐசெட்டா என்ற இன்னொரு குட்டிக் காரில் வேறு வழி பிடித்தார்கள். ஜெர்மனியில் விற்ற ஐசெட்டாவுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் இடைவெளி அரை மீட்டர் அளவுதான். அவ்வளவு நெருக்கத்தில் உள் சக்கரம், வெளிச் சக்கரம் என்ற தூர வித்தியாசம் பெரிதில்லை என்பதால் டிஃபரன்ஷியல் இல்லாமலேயே சமாளித்துவிட்டார்கள்.

இன்னொரு லாபம் சட்டகத்தில். முக்காலியை எந்தத் தரையில் வைத்தாலும் அதன் மூன்று காலும் படியும். அதுபோல மூன்று சக்கர வண்டி மேடுபள்ளத்தில் ஏறும்போது அதன் சட்டகம் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. முறுக்கைத் தாங்க வேண்டாம் என்றால் லேசாகவே செய்யலாம். பிரிட்டனில் அன்றைய சட்டமும் சேர்ந்துகொண்டது: எடை 8 ஹண்ட்ரட்வெயிட்டுக்குள், அதாவது சுமார் 406 கிலோவுக்குள் இருக்கும் மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் உரிமத்தோடு ஓட்டலாம், வரியும் குறைவு. 1956-இல் சூயஸ் நெருக்கடி வந்து பெட்ரோலுக்குப் பங்கீடு வைத்தபோது இந்த வண்டிகளுக்குக் கிராக்கி கூடியதில் வியப்பில்லை.

நான்கில் ஒரு சக்கரத்தைக் கழற்றுவது என்று முடிவாகிவிட்டது. எதைக் கழற்றுவது, முன்னாலா, பின்னாலா? மெசர்ஷ்மிட், ஐசெட்டாவின் மூன்று சக்கர வகை, பீல் பி50 எல்லாம் பின்னால் ஒன்று. பாண்ட் மினிகார், ரிலயன்ட் ராபின் என்ற பிரிட்டிஷ் கார்கள் இரண்டும் முன்னால் ஒன்று. படத்தில் பார்த்தால் இது வெறும் வடிவமைப்பு விருப்பம் போலத்தான் தெரியும். ஓட்டிப் பார்த்தால் வேறு கதை.

வளைவில் வேகமாகத் திரும்பும் வண்டி ஏன் கவிழ்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு வடிவம் கிடைக்கும். நான்கு சக்கரத்துக்குச் செவ்வகம், மூன்றுக்கு முக்கோணம். வண்டி கவிழும்போது இந்த வடிவத்தின் ஒரு விளிம்பைக் கீல் போல வைத்துக்கொண்டுதான் புரளும். ஈர்ப்பு மையத்துக்கும் (வண்டியின் மொத்தக் கனமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) அந்த விளிம்புக்கும் பக்கவாட்டில் எவ்வளவு தூரம், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற இரண்டும்தான் முக்கியம்.

கற்பனையாக ஒரு வண்டி எடுத்துக்கொள்வோம். அகலம் 1.2 மீட்டர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில். நான்கு சக்கரம் இருந்தால் விளிம்பு 0.6 மீட்டர் தள்ளி இருக்கும். அதை உயரத்தால் வகுத்தால் 1.2. அதாவது பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டி எடையைப்போல 1.2 மடங்கு ஆனால்தான் கவிழும். சாதாரண டயர் காய்ந்த சாலையில் 0.7, 0.8 அளவிலேயே பிடியை விட்டுவிடும். ஆக, கவிழ்வதற்கு முன்பே வண்டி சறுக்கிவிடும். சறுக்குவது நல்லதா என்றால், கவிழ்வதற்கு அது எவ்வளவோ மேல்.

முக்கோணத்தில் விளிம்பு சாய்வாக ஓடுகிறது. ஒற்றைச் சக்கரத்தின் பக்கம் குறுகலாகவும் இரட்டைச் சக்கரத்தின் பக்கம் அகலமாகவும் இருக்கும். எனவே கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் கற்பனை வண்டியில் ஈர்ப்பு மையம் நடுவில் இருந்தால் விளிம்புக்கு 0.3 மீட்டர்தான், கவிழும் எல்லை 0.6. டயர் பிடியை விடுவதற்கு முன்பே வண்டி சாய்ந்துவிடும். அதே மையத்தை இரட்டைச் சக்கரத்தின் பக்கம் தள்ளி, ஒற்றைச் சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைத்தால் 0.4 மீட்டர், எல்லை 0.8. இப்போது தப்பித்தோம், மயிரிழையில்.

இதுவரை முன், பின் என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே சீரான வேகத்தில் திரும்பும் வரை அது ஒரு பொருட்டே இல்லை. பிரேக் மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறதல்லவா, வண்டியின் எடைக்கும் அதே கதிதான். வளைவில் பிரேக் போட்டால் பக்கவாட்டு விசையும் முன்னோக்கிய விசையும் சேர்ந்து முன்மூலையை நோக்கி இழுக்கும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் அந்த மூலையில் தாங்குவதற்கு ஒரு சக்கரம் நிற்கிறது. முன்னால் ஒன்றுதான் என்றால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. எண்ணில் சொன்னால், எடையில் பாதி அளவு விசையோடு பிரேக் பிடிக்கும்போது முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியின் எல்லை 0.8-இலிருந்து 0.65-க்கு இறங்குகிறது. முன்னால் இரட்டை உள்ளதற்கு 0.8-இலிருந்து 0.95-க்கு ஏறுகிறது. ஒரே பிரேக், ஒரே வளைவு.

ஆக்ஸிலரேட்டரை முடுக்கினால் இது தலைகீழாகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வண்டிகளில் இருப்பது பத்துக் குதிரைத்திறன். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வளைவில் எவ்வளவு முடுக்கினாலும் உந்துவிசை எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு பங்கு. பிரேக்கின் பலம் அதைப்போலப் பல மடங்கு. இன்ஜின் நோஞ்சானாக இருக்கும் வண்டிக்கு இரட்டைச் சக்கரத்தை முன்னால் வைப்பதுதான் சரி என்பது என் தீர்ப்பு. 1910 வாக்கிலேயே பிரிட்டனின் மோர்கன் நிறுவனம் இதைச் செய்துவிட்டது: முன்னால் இரண்டு சக்கரம், அதற்கும் முன்னால் கனமான வி-ட்வின் இன்ஜின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்டது. கனம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மெசர்ஷ்மிட்டில் இன்ஜின் பின்னால், ஒற்றைச் சக்கரத்தின் அருகே. அது தவறான பக்கம்தான். ஆனால் ஆட்கள் தரையை ஒட்டி உட்கார்ந்ததால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டியது.

அப்படியானால் பாண்ட் மினிகார்க்காரர்கள் விவரம் தெரியாதவர்களா? இல்லை, அவர்களுக்குக் கிடைத்த லாபம் வேறு. 1949-இல் வந்த அந்தக் காரில் 122 சி.சி. இன்ஜின் முன்சக்கரத்தோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தோடு இன்ஜினும் திரும்பும். பிற்பாடு வந்த மார்க் சி வகையில் முன்சக்கரம் இருபுறமும் 90 பாகை வரை திரும்பியது. ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ரிவர்ஸ் கியர் இல்லாத குறையே தெரியவில்லை. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் ஸ்டீயரிங் அமைப்பும் எளிது. இரண்டு சக்கரங்களை வெவ்வேறு கோணத்தில் திருப்பும் இணைப்புத் தண்டுகள் வேண்டியதில்லை.

பீல் பி50-இலும் ரிவர்ஸ் இல்லை. மேன் தீவில் 1962 முதல் 1965 வரை செய்யப்பட்ட ஒற்றை ஆள் கார் அது. நீளம் 1.37 மீட்டர், எடை 60 கிலோவுக்குள். பின்னால் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். இறங்கி, அதைப் பிடித்துத் தூக்கி, வேண்டிய பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஐசெட்டாவின் ஒரே கதவு முன்பக்கம் முழுவதும். ஸ்டீயரிங்கும் கதவோடு சேர்ந்தே வெளியே வரும். சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினால் கதவு திறக்காது. ரிவர்ஸ் இல்லாத வண்டியாக இருந்தால் மேலே உள்ள துணிக்கூரையைத் திறந்துதான் வெளியே வர வேண்டும். அந்தக் கூரையை அவசர வழி என்றே கணக்கில் வைத்திருந்தார்கள்.

இப்போது மெசர்ஷ்மிட்டின் நான்கு ரிவர்ஸ் கியருக்கு வருவோம். அதில் ரிவர்ஸுக்கென்று தனிப் பல்சக்கரமே கிடையாது. இன்ஜினையே எதிர்த்திசையில் ஓட்டினார்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் இது முடியும். அதில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே துளைகள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே துளைகளைத் திறந்து மூடும். இறங்கும்போது எந்த உயரத்தில் புகைத்துளை திறக்கிறதோ, ஏறும்போது அதே உயரத்தில் மூடும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் பிஸ்டனுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. அங்கே கேம் தண்டு வால்வுகளை ஒரு வரிசைப்படி திறக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் வரிசையும் தலைகீழாகி, இன்ஜின் சைலன்சர் வழியாகக் காற்றை இழுத்துக் கார்புரேட்டர் வழியாக வெளியே தள்ளப் பார்க்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் திசையைப் பொறுத்து மாறுவது தீப்பொறியின் நேரம். எரிபொருள் எரிந்து அழுத்தம் ஏறச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழ வேண்டும். திசை மாறினால் அதே இடம் உச்சிக்குப் பிந்தியதாகிவிடும். இதற்காக எதிர்த்திசைக்கென்று இன்னொரு ஜோடி காண்டாக்ட் பாயின்ட், அதாவது பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் மின் தொடுமுனைகள், வைத்தார்கள். ஓட்டுநர் செய்வது இவ்வளவுதான்: வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை இன்னும் ஆழமாக அழுத்தித் திருகுவது. ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், இன்ஜின் அந்தப் பக்கமே பற்றிக்கொள்ளும். கியர்பாக்ஸ் எப்போதும்போல வேலை செய்யும். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களைச் சரியாக உதைக்காவிட்டால் எப்போதாவது இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கிவிடுவதும் இதே காரணத்தால்தான். அங்கே விபத்து, இங்கே வசதி.

ஆனால் பின்னோக்கி வேகமாக ஓட்டும்போது வண்டியின் வடிவமே மாறிவிடுகிறது. போகும் திசையில் இப்போது முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம். பிரேக் போட்டால் கனம் அந்தக் குறுகிய முனையை நோக்கிப் பாயும். திரும்பும் சக்கரங்களோ பின்னால். முன்னால் போகும்போது ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்கும் அமைப்பு, பின்னால் போகும்போது அதை ஓரத்துக்கு இழுத்துத் தள்ளும். கையில் இருப்பது சிறிது அசைத்தாலே சட்டென்று திரும்பும் கைப்பிடி. நான்காவது ரிவர்ஸ் கியர் பேச்சில் மட்டும் இருப்பது நல்லது.

மூன்று சக்கரத்துக்கு ஒரு தீராத தொல்லையும் உண்டு. இரண்டு தடத்தில் ஓடும் கார் சாலைக் குழியை நடுவில் விட்டுத் தாண்டிவிடும். இதற்குத் தடம் மூன்று. நடுச்சக்கரம் குழிக்குள் இறங்கியே தீரும். பனி பெய்தால் மற்ற வண்டிகள் அழுத்தி உண்டாக்கிய இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள வரப்பில்தான் அது ஏறி ஓட வேண்டும். மழையில் சாலையின் நடுவே சிந்திய எண்ணெய் வழுக்குவதும் அதற்குத்தான் முதலில் தெரியும். 1959-இல் மினி என்ற பிரிட்டிஷ் கார் வந்து, கொஞ்சம் கூடுதல் விலைக்கு நான்கு பேர், நான்கு சக்கரம் என்று காட்டியபோது குட்டிக் கார்களின் சந்தை கரைந்துபோனது.

இன்றும் இவற்றைப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் பிரேக்கை வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ராபின் வகையில் தனியாகப் போகும்போது கனமான சாமான்களைப் பின்பக்கம் தாழ்வாக வைத்தால் ஈர்ப்பு மையம் இரட்டைச் சக்கரத்தின் பக்கம் நகரும். பிரிட்டனின் பிரைட்டனில் செய்த ஐசெட்டாவில் இந்தக் கவலையைத் தொழிற்சாலையே எடுத்துக்கொண்டது. அங்கே ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், இன்ஜினும் வலப்பக்கம். பின்னால் இருப்பதோ ஒரே சக்கரம். தனியாக ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் சாயும் என்பதால், இடப்பக்கம் ஓர் எடைக்கட்டையை வைத்தே அனுப்பினார்கள்.